அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மரச்செக்கு எண்ணெய்க்கு மாறலாமா?

சத்துவாச்சாரி மகள்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள். அப்பாவுக்கு 63 வயது. போன ஆடியில் நெஞ்சு வலி வந்து, இதய ரத்தக் குழாய் அடைக்காமல் இருக்க ஒரு ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். சர்க்கரையும் பத்து வருடமாக இருக்கிறது. மாத்திரையை ஒருவேளை கூட விடுவதில்லை, விடியற்காலையில் கோட்டைப் பக்கம் போய் நடந்துவிட்டு வருகிறார். இப்போது வீட்டில் தினமும் பேச்சே எண்ணெயைப் பற்றித்தான்.

இத்தனை நாள் ரீஃபைண்டு சூரியகாந்தி பாக்கெட் வாங்கினோம், பலகாரம் செய்ய ரேஷன் பாமாயில். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மாதம் நான்கு லிட்டர் ஆகிவிடும். ரெண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனையில் ஒரு மரச்செக்குக் கடை திறந்தார்கள். இதய அடைப்பு நீங்கும், கொலஸ்ட்ரால் கரையும், மூட்டு வலி போகும் என்று வாசலில் பெரிய பலகை. அம்மா போய் விசாரித்தபோது, ஆறு மாதம் எங்கள் எண்ணெயைச் சாப்பிட்டால் மாத்திரையே தேவைப்படாது என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதை அப்படியே நம்பிக்கொண்டு வந்துவிட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு பக்கம் கே.வி.குப்பத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற சித்தப்பா, எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெயே ஊற்றுங்கள், அதைவிட நல்லது உலகத்தில் இல்லை என்கிறார்.

செக்கு எண்ணெயால் உண்மையிலேயே உடம்புக்கு என்ன நன்மை? அப்பாவுக்கு எந்த எண்ணெய் சரி? நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்களாமே, சர்க்கரை இருப்பவர்கள் சாப்பிடலாமா? போன வாரம் வாங்கிய கடலை எண்ணெயில் வடை போட்டபோது வாணலி நிறைய நுரை பொங்கி அடுப்பில் வழிந்தது, அது கலப்படமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் செக்கு

தங்கச்சி, நான் குடியாத்தம் பக்கத்தில் பதினோரு வருடமாக மரச்செக்கு ஓட்டுகிறேன், இதுதான் என் பிழைப்பு. அந்தப் பலகையில் இருப்பதை நம்ப வேண்டாம். மாத்திரையை நிறுத்தலாம் என்று எண்ணெய் விற்கிறவன் சொன்னால் அந்தக் கடைப் படியையே மிதிக்கக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையைத் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. முதலில் அம்மாவை உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி செக்கு விஷயம். வாகை மரத்தில் உரல், அதில் சுற்றுகிற உலக்கை. முன்பு மாடு கட்டி ஓட்டினார்கள், இப்போது மோட்டார், ஆனால் வேகம் அதே மெதுவான வேகம்தான். எண்ணெய் இறங்கும்போது கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், சுடாது. மில்லில் இரும்பு எக்ஸ்பெல்லரில் அழுத்திப் பிழியும்போது சூடு நன்றாக ஏறும், அதில் வருவதை வடிகட்டி ஃபில்டர் எண்ணெய் என்று விற்பார்கள். அதுவும் உண்மையான கடலை எண்ணெய்தான், வாசனை கொஞ்சம் குறைவு. ரீஃபைண்டு வேறு கதை. பெரும்பாலும் ஹெக்சேன் என்கிற கரைப்பானை விட்டு வித்தில் இருக்கிற கடைசிச் சொட்டு வரைக்கும் எடுப்பார்கள், பிசினை நீக்குவார்கள், காஸ்டிக் சோடாவில் கழுவுவார்கள், ஒரு வகை மண்ணை விட்டு நிறத்தை எடுப்பார்கள், கடைசியில் 200 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு வாசனையைப் போக்குவார்கள். அதனால்தான் எந்த ரீஃபைண்டு எண்ணெயை மோந்து பார்த்தாலும் ஒன்று போலவே இருக்கிறது. செக்கில் இதெல்லாம் கிடையாது. வித்து எப்படியோ எண்ணெய் அப்படி. நல்ல வித்து போட்டால் நல்லது அப்படியே வரும், சொத்தை போட்டால் சொத்தையும் அப்படியே வரும். இதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

நுரை வந்தது கலப்படம் இல்லை. புதிதாக ஆட்டிய மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயில் கொஞ்சம் ஈரமும் பருப்பின் பிசினும் இருக்கும், காய்ந்ததும் பொங்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி வாயில் வெள்ளைத் துணி கட்டி ரெண்டு நாள் வெயிலில் வையுங்கள், அப்புறம் ரெண்டு நாள் அசைக்காமல் உள்ளே வைத்து, கசடு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டிலில் வெயிலில் வைக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் காறும்.

கருப்பட்டி கேள்வி நிறைய பேர் கேட்பது. எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி போடுவது பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிந்து வருவதற்காக. நான் 20 கிலோ எள்ளுக்கு ஒன்றரைக் கிலோ போடுகிறேன். இனிப்பு எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு போய்விடும். அதனால்தான் எள்ளுப் பிண்ணாக்கைப் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்பார்கள். தெளிந்த நல்லெண்ணெயால் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறாது.

விலையை வைத்தும் கண்டுபிடிக்கலாம். ஒரு லிட்டர் மல்லாட்டை எண்ணெய்க்கு ஏறத்தாழ ரெண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கே 300 ரூபாய். பிண்ணாக்கு விற்று ஒரு அறுபது ரூபாய் திரும்பும். மேலே கரண்டு, கூலி, வாடகை. இந்தக் கணக்கில் ஒருவர் 180 ரூபாய்க்குச் சுத்தமான செக்கு எண்ணெய் தருகிறார் என்றால் உள்ளே பாமாயில் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டியதுதான். கிலோவா லிட்டரா என்றும் கேளுங்கள், ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம்தான் இருக்கும். கடையில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், 14 இலக்க எண்ணாக இருக்கும்.

லாங் பஜார்

எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் செக்கு எண்ணெய் மட்டும்தான். யாருக்கும் அடைப்பு என்று கேள்விப்பட்டதே இல்லை. ரீஃபைண்டு வந்த பிறகுதான் இந்த வியாதி எல்லாம் வந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, உடனே மாறுங்கள்.

பாலாற்றங்கரை

நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன், ஸ்டென்ட் வைத்தவர்களின் வீட்டாரிடம் தினமும் பேசுவதே இதைத்தான்.

லாங் பஜார் அண்ணா, தாத்தா காலத்தில் செக்கு எண்ணெய் இருந்தது உண்மை. அந்த எண்ணெய் எவ்வளவு ஊற்றப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். என் பாட்டி ஊர் கண்ணமங்கலம் பக்கம். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், புளிக்குழம்பு, தாளிக்க ஒரு சின்னக் கரண்டி. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான். காலையில் இருந்து இருட்டுகிற வரைக்கும் கொல்லையில் வேலை. நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள், ஈசிஜி எடுத்துக் காரணம் சொல்லத்தான் ஆள் இல்லை. ரீஃபைண்டு எண்ணெய் ஒன்றினால் எல்லாம் வந்தது என்று சொல்ல முடியாது.

சத்துவாச்சாரி மகளே, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். மூன்று பேருக்கு நான்கு லிட்டர். நாங்கள் பொதுவாக எழுதிக் கொடுப்பது ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், அதாவது உங்கள் வீட்டுக்கு ஒன்றரை லிட்டர். செக்கோ ரீஃபைண்டோ, எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 120 கலோரி வந்துவிடும். செக்கில் ஆட்டியதால் கலோரி குறையாது, கொழுப்பின் வகையும் மாறாது. நான்கு லிட்டர் ரீஃபைண்டை நான்கு லிட்டர் செக்கு எண்ணெயாக மாற்றினால் அப்பாவின் இதயத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை, அம்மாவின் பர்ஸ் காலியாவதுதான் மிச்சம்.

அப்படியென்றால் செக்கு எண்ணெயில் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. ரீஃபைன் செய்யும்போது வைட்டமின் இ-யில் ஒரு பங்கும், தாவர ஸ்டெரால் என்கிற, கொலஸ்ட்ரால் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிற பொருளில் ஒரு பங்கும் போய்விடுகிறது. செக்கில் அவை கூடுதலாகத் தங்குகின்றன. நல்லெண்ணெயில் செசாமின், செசமோலின் என்று ரெண்டு பொருட்கள் இருக்கின்றன, நல்லெண்ணெய் சீக்கிரம் காறாமல் இருப்பதற்கு இந்த வகைப் பொருட்கள்தான் காரணம். இதெல்லாம் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இவ்வளவு சிறிய அளவு அடைப்பைக் கரைத்துவிடாது. கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய் என்று விளம்பரத்தில் போடுவதும் அப்படித்தான், தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது.

சித்தப்பாவிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயில் 100 கிராமுக்கு 80 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, செக்கில் ஆட்டினாலும் அதேதான். கெட்ட கொழுப்பு என்கிறோமே, அந்த எல்டிஎல்லை மற்ற சமையல் எண்ணெய்களை விட அது கூடுதலாக ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 1800 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 20 கிராம்தான், அதில் 11 கிராமுக்கு மேல் ஒரே ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயிலேயே போய்விடும். பாலும் தயிரும் இறைச்சியும் இன்னும் கணக்கில் வரவில்லை. எப்போதாவது அவியலுக்குக் கடைசியில் ஒரு ஸ்பூன் விடட்டும், தினசரி எண்ணெயாக அப்பாவுக்கு வேண்டாம். பாமாயிலும் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதையும் குறையுங்கள்.

அப்பாவுக்கு நான் சொல்வது கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி. கடலை எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி, ஆலிவ் எண்ணெயில் இருக்கிற அதே வகைக் கொழுப்பு. ரெண்டிலுமே ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம், மீன் சாப்பிடுகிறவர் என்றால் வாரம் ரெண்டு நாள் மத்தி மீனைக் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். சூரியகாந்தியை விஷம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள், அளவாக ஊற்றினால் கெடுதல் இல்லை. வடை சுட்ட எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் மறுபடி பொரிப்பதை மட்டும் இன்றோடு விடுங்கள், செக்கு எண்ணெய் விலை கூட என்பதால் இந்தப் பழக்கம் வீடுகளில் அதிகமாகிறது, நான் பார்க்கிறேன்.

அணைக்கட்டு மல்லாட்டை

குடியாத்தம் அண்ணன் சொத்தைப் பருப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், அதை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு மானாவாரியில் ரெண்டு ஏக்கர் மல்லாட்டை, நான் வேளாண்மை படித்தவன்.

ஆடிப்பட்டத்தில் விதைத்தால் பிடுங்குகிற நேரம் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். கொடியைப் பிடுங்கிக் காய் ஆய்ந்து களத்தில் கொட்டியிருப்போம், ராத்திரி மழை கொட்டும். தார்ப்பாய் போட்டு மூடினாலும் அடியில் ஈரம். ரெண்டு மூன்று நாள் வெயில் இல்லை என்றால் காய்க்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். உடைத்துப் பார்த்தால் பருப்பின் மூக்குப் பக்கம் பச்சையும் மஞ்சளுமாகத் தூள் மாதிரி ஒட்டியிருக்கும். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்று பெயர், அது விடுகிற நஞ்சுதான் அஃப்ளடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன, தேடிப் போனால் பிரேசிலில் இருந்து வந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் போய் முடிந்தது. அப்போதுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் தரும் என்று உறுதியாகியிருக்கிறது. வாணலியில் காய்ச்சுகிற சூட்டில் இது அழியாது.

ஆட்டும்போது பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கிவிடும், கொஞ்சம் எண்ணெயில் இறங்கும். ரீஃபைண்டில் காஸ்டிக்கும் மண்ணும் அதை எடுத்துவிடுகின்றன. செக்கில் எடுக்க வழியே இல்லை. அதனால் செக்கு எண்ணெய் நல்லதா கெட்டதா என்பதை ஆட்டுவதற்கு முன்னாலேயே, பருப்பைப் பொறுக்குகிற முறத்தில் முடிவு செய்தாக வேண்டும். சில இடங்களில் நல்ல பருப்பு கடலை மிட்டாய்க்கும் சந்தைக்கும் போய்விட்டு, சுருங்கியதும் உடைந்ததும் கறுத்ததும் எண்ணெய்க்கு வருகின்றன. உடைந்த பருப்பு இருக்கிற இடத்தில்தான் பூஞ்சை முதலில் ஏறும். அந்தப் பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைத்தால் பாலிலும் அந்த நஞ்சு வரும், பாலில் வருவதற்கு எம்1 என்று பெயரே இருக்கிறது.

முடிந்தால் பருப்பை நீங்களே வாங்கிப் பொறுக்கி, காயவைத்து, கொண்டுபோய்க் கண்ணெதிரே ஆட்டி வாங்குங்கள். முறத்தில் பரப்பினால் ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். தோல் மங்கி, சுருங்கி, விரலில் தேய்த்தால் தூள் ஒட்டுவதை எல்லாம் தள்ளுங்கள். சந்தேகம் என்றால் ஒன்றைப் பிளந்து பாருங்கள், பூஞ்சை பிடித்திருந்தால் உள்ளே நடுவில் மஞ்சளாக இருக்கலாம். வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம். தள்ளியதை மாட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள்.

காட்பாடி அத்தை

நான்கு லிட்டரை ஒன்றரையாக்க முடியுமா என்று உன் அம்மா கேட்பார், அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கும் ஸ்டென்ட் வைத்து ஆறு வருடம் ஆகிறது. எனக்கு மூன்று மாதம் பிடித்தது. முதலில் எண்ணெய்த் தூக்கை அடுப்புப் பக்கத்தில் இருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். மாதம் பிறந்ததும் ஒன்றரை லிட்டரை அளந்து ஒரு பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிடுவேன், முடிந்தால் முடிந்ததுதான். பாட்டிலைச் சாய்ப்பதே கிடையாது, ஸ்பூன் மட்டும்.

இதில் செக்கு எண்ணெய் எனக்கு உதவியது வாசனையால்தான். ரீஃபைண்டில் நான்கு ஸ்பூன் ஊற்றினாலும் குழம்புக்கு ருசி ஏறாது, செக்கு நல்லெண்ணெய் ஒன்றரை ஸ்பூனில் வீடு மணக்கும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் டோல்கேட் உழவர் சந்தைக்கு வருகிறதே, அதை நான்காகக் கீறி முதலில் ஆவியில் வேகவைத்துவிடுவேன். வெந்த பிறகு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் மண்சட்டியில் புரட்டிப் புளியும் எள்ளுப்பொடியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்குவதற்கு முன்னால் அரை ஸ்பூன் பச்சையாக மேலே விடுவேன். முன்பு இதற்குக் கால் லிட்டர் போகும், எண்ணெய் மேலே மிதந்தால்தான் எண்ணெய்க் கத்திரிக்காய் என்பார் என் மாமியார். இந்தக் குழம்பை என் வீட்டுக்காரர் ரெண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். பூரி, வடை மாதம் ஒரு நாள். அன்றைக்குச் சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றி, நுரை பொங்கினால் நெல்லிக்காய் அளவு புளி உருண்டை போடுவேன், அடங்கிவிடும்.

சத்துவாச்சாரி மகள்

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அம்மாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். மாத்திரை விஷயத்தில் குடியாத்தம் அண்ணன் எழுதியதைக் கேட்டதும், செக்கு வைத்திருக்கிறவரே இப்படிச் சொல்கிறாரா என்று ரெண்டு தடவை கேட்டார். நான் சொல்லியிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

ஒரு சந்தேகம். குறைந்தது எத்தனை கிலோ கொண்டுவந்தால் ஆட்டித் தருவார்கள்? எண்ணெய் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்?

குடியாத்தம் செக்கு

இடத்துக்கு இடம் மாறும், என்னிடம் 12 கிலோவுக்குக் குறைந்தால் உரலில் பிடிக்காது. மல்லாட்டை எண்ணெயை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், நம் ஊர் சித்திரை வைகாசி வெயிலில் இன்னும் சீக்கிரமே. நல்லெண்ணெய் கூடுதலாகத் தாங்கும். மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை வந்தால் விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், சமைக்க வேண்டாம். அணைக்கட்டு தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் பொறுக்க ரெண்டு அம்மாக்களை வேலைக்கு வைத்திருக்கிறேன், லிட்டருக்கு என் விலை கூட இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சத்துவாச்சாரி மகள்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மண்டித் தெருவில் 15 கிலோ பருப்பு வாங்கினோம், எங்கள் அத்தை வீட்டோடு பங்கு. அப்பா தானே பொறுக்குகிறேன் என்று திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் ஒரு வேலையில் இவ்வளவு நேரம் ஈடுபாடாக இருந்து நான் பார்க்கவில்லை. ரெண்டு நாளில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளினார். பிளந்து பார்த்த ஒன்றில் தம்பி சொன்ன மாதிரியே நடுவில் மஞ்சள் தூள். அம்மா பார்த்துவிட்டு, இதையா இத்தனை நாள் ஆட்டிக் கொடுத்தார்கள் என்று அப்படியே நின்றார். தள்ளியதைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம்.

வேறு இடத்தில், கண்ணெதிரே ஆட்டினோம். ஐந்தரை லிட்டர் வந்தது, அத்தைக்குப் பாதி. தூக்கு இப்போது மாடியில் துணி கட்டி வெயிலில் இருக்கிறது. அம்மா ஒன்றரை லிட்டர் அளவுக்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ரெண்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறார், இந்த மாதம் ரெண்டு லிட்டரில் நிற்பேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார். சித்தப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, பொங்கலுக்கு வருவார். அப்பாவுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை மாசி கடைசியில், ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுகிறேன்.